கை எட்டும் தூரம்: 500 எஸ்இசி, 635 சிஎஸ்ஐ, எக்ஸ்ஜேஎஸ் மூன்றில் எது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினனிடமிருந்து வாட்ஸப்பில் மூன்று விளம்பரங்கள் வந்து விழுந்தன. வெள்ளி நிறத்தில் 1984 மெர்சிடிஸ் 500 எஸ்இசி. சிவப்பில் அதே வருட பிஎம்டபிள்யூ 635 சிஎஸ்ஐ. கரும்பச்சையில் 1983 ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ், பன்னிரண்டு சிலிண்டர். கீழே ஒரு வரி: "மாமா, மூணும் ஏறக்குறைய ஒரே விலை. எதை எடுக்கலாம்?" நான் பதில் தட்டுவதற்குள் இன்னொன்று: "எது வேகமா போகும்?"

"மூணு பேர்கிட்டயும் பானெட்டைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லு" என்று எழுதினேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

கிண்டல் இல்லை. நாற்பது வயது தாண்டிய சொகுசு கூபேயில், அதாவது இரண்டு கதவுக் காரில், குதிரைத்திறன் என்பது பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஒரு காலத்தில் உண்மை, இன்றைக்கு அழகுக்கு வைத்திருப்பது. இன்று கேட்க வேண்டியது, ஒரு பாகம் போனால் அந்த இடத்துக்குக் கை போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான். இங்கிலாந்தில் பாகத்தின் விலையைவிட மெக்கானிக்கின் மணிக்கூலிதான் ஆளைச் சாய்க்கும். பத்து பவுண்டு ரப்பர் குழாயை மாற்ற ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டிய வண்டியும் உண்டு. அதே வேலையைச் சாயங்காலக் காப்பிக்கு முன்னால் நாமே முடித்துவிடும் வண்டியும் உண்டு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டு கராஜில் ஒரு 635 நிற்கிறது. ஆகவே அதைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தைகளில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் 1983, 84?

மச்சினன் வயதைப் பார்த்துத்தான் தேடியிருக்கிறான். இங்கே நாற்பது வயது ஆன வண்டியை 'வரலாற்று வாகனம்' என்ற வகையில் பதிந்துவிட்டால் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் ஆண்டுதோறும் செய்யும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு லண்டன் போடும் யூலெஸ் கட்டணமும் பர்மிங்காமின் தூய காற்று மண்டலக் கட்டணமும் அதைத் தொடாது. இதே ஜாகுவாரின் 1992 மாடலை எடுத்தால் பர்மிங்காமுக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும் 8 பவுண்டு, லண்டன் என்றால் 12.50. மச்சினனின் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, பர்மிங்காம் கடைத்தெருவில் வாராந்திர வேலை ஒன்று எப்போதும் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எம்ஓடி கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. நாற்பது வயது வண்டியின் அடிப்பாகத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது வேறு ஒருவர் கண்ணும் பார்க்கட்டும். வாங்கப் போகும்போதும் கடைசி எம்ஓடி எப்போது என்று கேளுங்கள். "தேவையில்லை சார், விலக்கு இருக்கே" என்று விற்பவர் இரண்டு தடவை சொன்னால் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று பெட்ரோல். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பர் குழாய், சீல் எல்லாவற்றுக்கும் அது ஆகாது. சூப்பர் கிரேடில் எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாது, மூன்று வண்டிக்கும் அதைத்தான் போட வேண்டும். அந்தச் செலவு மூன்றுக்கும் பொது. குடிக்கும் அளவுதான் வேறு.

ஜாகுவார்: கை எட்டாத இடங்களின் வண்டி

கவென்ட்ரியில் இருந்துகொண்டு ஜாகுவாரைக் குறை சொல்வது மதுரையில் நின்று மல்லிகைப்பூவைக் குறை சொல்வது போல. எக்ஸ்ஜே-எஸ் இந்த ஊர்ப் பிள்ளை. பிரவுன்ஸ் லேன் ஆலையில் 1975 முதல் 1996 வரை பிறந்தது. மொத்தம் 1,15,413. இ-டைப்பை வரைந்த மால்கம் சேயர்தான் இதற்கும் கோடு போட்டார், ஆனால் 1970-லேயே இறந்துவிட்டார். வண்டி வந்ததைப் பார்க்கவில்லை. கூரையிலிருந்து பின் பக்கம் சரிந்து இறங்கும் அந்த இரண்டு சிறகுகளை அன்று பலருக்கும் பிடிக்கவில்லை. இன்று அதற்காகவே வாங்குகிறார்கள்.

மச்சினன் அனுப்பியது 5,343 சிசி வி12. 1981-இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளரின் வடிவமைப்பில் சிலிண்டர் ஹெட்டை மாற்றி 'ஹெச்ஈ' என்று பெயர் வைத்தார்கள். அழுத்த விகிதம் 12.5-க்கு 1. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண். 295 குதிரைத்திறன். ஓடும்போது இன்ஜின் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தலாம் என்பார்கள். நான் முயன்றதில்லை, ஆனால் பக்கத்தில் நின்றால் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வருவது உண்மை.

அந்த பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே தரை தெரியாது. குழாயும் வயரும் இட்லித் தட்டுக்குள் இடியாப்பம் பிழிந்த மாதிரி. பன்னிரண்டு பிளக்கில் பின்னால் இருப்பவை ஒரு மாதிரி எட்டும். முன்னால் இருக்கும் இரண்டும் ஏசி கம்ப்ரஸருக்கு அடியில். என் நண்பர் ஒருவர் பிளக் மாற்ற உட்கார்ந்தார், நான் டார்ச் பிடித்தேன். பத்து பிளக்குக்கு ஒரு மணி நேரம், மீதி இரண்டுக்கு ஒன்றரை மணி நேரம். கம்ப்ரஸரின் போல்ட்டைத் தளர்த்தி, கேஸ் குழாய் மடங்காமல் அதை ஓரமாகச் சாய்த்து, விரல் நுனியில் பிளக்கைச் சுற்றி... அவர் புறங்கையில் அன்று விழுந்த கீறல்களைப் பார்த்து வீட்டில் பூனை வாங்கியிருக்கிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்களாம்.

பிளக்குகளை எட்ட முடியாததால் பலரும் மாற்றாமலே விட்டார்கள். இந்த வண்டியின் பாதிக் கதை அதுதான். இன்ஜின் அடிப்படையில் பலசாலி, ஒழுங்காகப் பார்த்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாங்கும். ஆனால் எட்டாத இடங்களை யாரும் தொடாமல் விட, அங்கேதான் கேடு விளைகிறது. இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பெட்ரோல் குழாய்கள் ஓடுகின்றன. இன்ஜினின் முழுச் சூடும் அந்தப் பள்ளத்தில்தான் தேங்குகிறது. இருபது வருடம் வெந்த ரப்பர் அப்பளமாகி வெடித்தால் பெட்ரோல் நேராகச் சூட்டின் மேல். இந்த வண்டிகள் எரிந்துபோன கதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கம் அந்த ரப்பர்தான். குழாய்களை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும்வரை ஓட்டக் கூடாது. பேரமே கிடையாது.

அடுத்தது சூடு. ரேடியேட்டரின் அடிப்பகுதியில் சேறு மாதிரி படிவு சேர்ந்து பாதி வழி அடைத்துவிடும். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும்போதே பின் சிலிண்டர்கள் வெந்துகொண்டிருக்கலாம். ஒரு முறை நன்றாகச் சூடேறினால் அலுமினிய ஹெட்டிலிருந்து வால்வ் சீட் கழன்று விழும் அபாயம் உண்டு. அதற்குப் பிறகு வரும் பில்லைப் படிக்கும்போது உட்கார்ந்திருப்பது நல்லது. ஆக, வாங்கப் போனால் இன்ஜின் வழக்கமான சூட்டுக்கு வரும்வரை ஓட்டிவிட்டு, போக்குவரத்தில் பத்து நிமிடம் நிற்கவிட்டு முள்ளைப் பாருங்கள். ஏசி போட்டபடி.

மூன்றாவது, பின் பிரேக். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய டிஸ்க் இந்த வண்டியில் நடுவே, இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. சொகுசுக்காகச் செய்தது, சக்கரத்தின் எடை குறையும், ஓட்டம் மெத்தென்று இருக்கும். ஆனால் பிரேக் சூட்டில் டிஃபரன்ஷியல் ஆயில் சீல் காய்ந்து, ஒழுகும் ஆயில் டிஸ்க்கில் படும். டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் பின் சஸ்பென்ஷன் கூண்டு முழுவதையும் கீழே இறக்குவதுதான் ஒழுங்கான வழி. 1993-இல் ஜாகுவாரே டிஸ்க்கைச் சக்கரத்துக்கு நகர்த்திவிட்டது.

1989-க்குப் பிந்தைய வி12 பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் பெட்ரோலுக்குப் பொறி கொடுப்பது மரெல்லி இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டாரில் பழுது வந்தால் ஆறு சிலிண்டருக்கு மட்டும் பொறி நின்றுபோகும், பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். மீதி ஆறே போதுமான அளவு இழுக்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரியத் தொடங்கும். ரோட்டாரையும் மூடியையும் காலாகாலத்தில் மாற்றுவது இந்த வண்டியில் காப்பீட்டுக்குச் சமம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஜாகுவாருக்கு ஒரு பெரிய வரவு இருக்கிறது: பாகம். இந்த நாட்டில் எக்ஸ்ஜேஎஸ் பாகங்களை மறுபடி செய்து விற்பவர்கள் நிறைய. மற்ற இரண்டு ஜெர்மன் வண்டிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் விலை மனத்துக்கு இதமாக இருக்கும். ஊருக்கு வெளியே ரைட்டனில் 2017-இல் திறந்த ஜாகுவாரின் சொந்தப் பழைய வண்டிப் பட்டறையும் இருக்கிறது, ஆனால் அதன் வாசல் நம்மைப் போன்றவர்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும். 2008 முதல் எல்லாம் டாடாவின் சொத்து என்பதால் வேடிக்கை பார்க்க நமக்குக் கூடுதல் உரிமை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிஎம்டபிள்யூ: எல்லாம் எட்டும், துருவைத் தவிர

635-இன் பானெட் முன்னோக்கித் திறக்கும். உள்ளே ஆறு சிலிண்டர் ஒரே நேர்க்கோட்டில், ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். இரண்டு புறமும் கை நுழைய இடம். பிளக் ஆறும் வரிசையாக மேலே. 3,430 சிசி, 218 குதிரைத்திறன், ஒன்றரை டன்னுக்குள் எடை. மூன்றில் இலேசானதும் இதுதான், கையால் கியர் போடும் பெட்டியோடு எளிதாகக் கிடைப்பதும் இதுதான். 1976 முதல் 1989 வரை சுமார் 86,000 வண்டிகள். 1982-இல் அடிப்பாகத்தை மாற்றினார்கள். அதற்குப் பிந்தையது வேண்டும்.

இந்த இன்ஜினில் டேப்பெட் செட் செய்வது, அதாவது வால்வ் இடைவெளியைச் சரிசெய்வது, எனக்குக் கிட்டத்தட்ட தியானம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வால்வ் கவரைத் தூக்கினால் பன்னிரண்டு ராக்கர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறிய வட்ட எக்சென்ட்ரிக், அதில் ஊசி நுழையும் அளவு துளை. பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி மாதிரி செய்து வைத்திருக்கிறேன். 10 மில்லிமீட்டர் நட்டைத் தளர்த்தி, 0.30 ஃபில்லர் கேஜை நுழைத்து, ஸ்போக்கால் எக்சென்ட்ரிக்கை ஒரு நூலளவு திருப்பி, கேஜ் வெண்ணெயில் கத்தி போவது போல உரசிக்கொண்டு போகும் இடத்தில் நட்டை இறுக்கினால் ஒரு வால்வ் முடிந்தது. அப்படிப் பன்னிரண்டு. இரண்டு மணி நேரம். கேஸ்கெட் ஒன்று போதும்.

கவரைத் திறந்த கையோடு இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். கேம்ஷாஃப்டின் மேல் ஆயில் தெளிக்கும் குழாய் ஒன்று ஓடுகிறது, அதைப் பிடித்திருப்பவை துளையுள்ள போல்ட்டுகள். அதிர்வில் இவை மெல்லத் தளரும். தளர்ந்தால் ஆயில் கேமுக்குப் போகாமல் ஓரத்தில் வழிந்துவிடும். வெளியே ஒரு அறிகுறியும் இல்லை, ஆயில் லைட்டும் எரியாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் கேம் முட்டுகள் தேய்ந்து இன்ஜின் தட்டத் தொடங்கும். சில பவுண்டு போல்ட் ஒரு கேம்ஷாஃப்டைத் தின்றுவிடும். விற்பவரிடம் "வால்வ் கவரைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்பது அதிகப் பிரசங்கம் இல்லை. மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மற்றவை எல்லாம் தெரிந்த நோய்கள், தெரிந்த மருந்துகள். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் முன் சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ். அனுபவசாலிகள் அதே நிறுவனத்தின் பெரிய 7 சீரிஸ் வண்டியின் கெட்டியான புஷ்ஷைப் போட்டுவிடுவார்கள். மீட்டர் பலகைக்குள் ஒட்டியிருக்கும் சின்ன பேட்டரி கசிந்தால் முட்கள் இஷ்டத்துக்கு ஆடும். பிரேக்குக்கு உதவி செய்வது வேக்குவம் இல்லை, ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு உருண்டை. இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்து எண்ணுங்கள், இரண்டாவது மிதியிலேயே கல்லாகிவிட்டால் உருண்டை முடிந்தது. ஆட்டோமேடிக் வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கினால் நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்துக் காட்டும் விற்பனையாளரிடமிருந்து வாங்காதீர்கள், அந்த இசட்எஃப் பெட்டியின் உள் கிளட்ச்சுக்கு அதுதான் எமன். அசல் சக்கரம் 390 மில்லிமீட்டர் கணக்கில் இருந்தால் டயருக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். அந்த அளவில் டயர் செய்பவர்கள் குறைவு, விலையும் அதற்குத் தக்கபடி.

இனி கசப்பு. என் வண்டியை வாங்கும்போது இன்ஜின் முத்து மாதிரி இருந்தது. முன் ஃபெண்டருக்குக் கீழே, சக்கரத்துக்குப் பின்புறம், பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்தது. ஐம்பது காசு அளவு. ஃபெண்டர்தானே, போல்ட் கழற்றினால் வேறு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கழற்றிய அன்று உள்ளே பார்த்தால், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகடு முடிந்து கதவுத் தூணின் அடியைத் தொடும் இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருந்தது. யாரோ ஒரு முந்தைய உரிமையாளர் ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து, பட்டி வைத்து, தேய்த்து, அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார். செய்தித்தாளில் ஒரு கால்பந்துப் பந்தய முடிவு பாதி படிக்க முடிந்தது. அதை வெட்டி எடுத்து இரும்பு வைத்து வெல்டிங் செய்ய ஆன செலவில் நல்ல இன்ஜின் ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

635-இல் ஸ்பேனருக்கு எட்டாத ஒரே இடம் அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இருட்டு. முன் ஃபெண்டர், சில், ஜாக்கி வைக்கும் இடம், சன்ரூஃப் ஓரம், டிக்கித் தரை என்று துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது; கண்ணுக்குத் தெரியும்போது பாதிப் பயணம் முடித்துவிட்டது. வெல்டிங் தெரியாதவர்களுக்கு இந்த வண்டியின் எளிமை முழுவதும் வீண். எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

மெர்சிடிஸ்: நடுவில் நிற்பது

எஸ்இசி 1981 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் வந்தது, 1991 வரை ஓடியது; 74,060 வண்டிகள். புரூனோ சாக்கோவின் வடிவமைப்புக் குழு வரைந்தது. நடுத்தூண் கிடையாது, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. நடுத்தூண் இல்லாததால் சீட் பெல்ட் எங்கோ பின்னால் போய்விடுகிறது. ஆகவே கதவை மூடியதும் ஒரு மெல்லிய கை பின்னாலிருந்து நீண்டு பெல்ட்டை உங்கள் தோளருகே கொண்டுவந்து நீட்டும், பந்தி முடிந்து எழுந்தவருக்குத் தாம்பூலத் தட்டை நீட்டுவது போல. அந்தக் கை ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் வண்டிகள்தான் இன்று அதிகம். இரண்டும் நீட்டினால் உரிமையாளர் அக்கறையானவர் என்று பாதி நம்பலாம்.

இன்ஜின்கள் பல. 380-இல் 204 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது. அமெரிக்காவுக்குப் போன 3.8 லிட்டர்களில் 1983 வரை, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் சேர்க்கும் டைமிங் செயினை ஒற்றை வரிசையில் போட்டார்கள், அது அறுந்த கதைகள் ஏராளம். அமெரிக்காவிலிருந்து இறக்கிய 380 விலை குறைவாகக் கிடைத்தால் காரணம் அதுதான், இரட்டைச் செயின் மாற்றியிருப்பதற்கு ரசீது கேளுங்கள். 500-இல் 4,973 சிசி, 231 குதிரைத்திறன். 1985-இல் வந்த 560 தான் உச்சம்: 5,547 சிசி, ஐரோப்பாவில் 300 குதிரைத்திறன் வரை, 250 கிலோமீட்டர் வேகம். ஜப்பானில் செல்வந்தர்கள் நிறைய வாங்கினார்கள், பெரும்பாலும் இடது கை ஸ்டியரிங்கோடு, ஏனென்றால் அங்கே அது அந்தஸ்து. அவற்றில் பல இப்போது இங்கே வருகின்றன. கீழ்ப்பகுதி சுத்தமாக இருக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு வந்தவை என்பதால் 300 குதிரை இருக்காது, விளம்பரத்தில் எழுதியிருந்தாலும்.

560 தான் வேண்டும் என்று மச்சினன் ஒற்றைக் காலில் நின்றான். நான் 84 மாடல் 500 போதும் என்கிறேன். வரி விலக்கு ஒரு காரணம். இன்னொன்று, 1985-க்கு முந்தையவற்றில் பெட்ரோலை அளப்பது கே-ஜெட்ரானிக் என்ற முழு மெக்கானிக்கல் ஏற்பாடு. அதற்குப் பிந்தையவற்றில் அதன்மேல் மின்னணு மூளை ஒன்று ஏறி உட்கார்ந்தது. அந்தத் தலைமுறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டால் இன்ஜின் தடுமாறும், ஏபிஎஸ் விளக்கு எரியும், மெக்கானிக் எதை எதையோ மாற்றுவார். அந்த ரிலேயை முதலில் மாற்றிப் பார்க்கத் தெரிந்தவரிடம் வண்டியை விடுங்கள்.

உண்மையான ஆபத்து வி8-இன் முன்பக்கத்தில். டைமிங் செயின் ஓடும் வழியில் பிளாஸ்டிக் ரெயில்கள் இருக்கின்றன. புதிதாக இருக்கும்போது வெள்ளை. ஆயிலிலும் சூட்டிலும் வெந்து வெந்து டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும், பிறகு பிஸ்கெட் போல உடையும். உடைந்த துண்டு செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே போனால் செயின் ஒரு பல் தாவும், வால்வ் பிஸ்டனில் மோதும், கதை முடிந்தது. 500, 560 இரண்டிலும் செயின் இரட்டை வரிசைதான். அறுந்துபோவது அபூர்வம், ரெயில்தான் எமன். ஆனால் இங்கே கை எட்டும். வால்வ் கவரைக் கழற்றினால் மேல் ரெயில்கள் கண்ணுக்கு நேரே. நிறத்தைப் பார்த்தே வயது சொல்லலாம். ரெயில், செயின், டென்ஷனர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் அடுத்த ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய செயினின் நுனியில் புதியதைக் கோத்து, இன்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே இழுப்பார்கள். நூல் மாலையில் பூ ஏறுவது மாதிரி. முன்பக்கம் முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை.

கவர் கழன்றிருக்கும்போதே கேம்ஷாஃப்ட் ஆயில் குழாயின் பிளாஸ்டிக் மூட்டுகளையும் மாற்றிவிட வேண்டும், 635-இன் போல்ட் கதையேதான் இங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வ் சீல். ஹெட்டை இறக்காமல் மாற்றலாம், பயப்பட வேண்டாம். தொடர்ந்து வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சின்னச் சில்லறைகளைச் சொன்னால் நாள் போகும். கதவுப் பூட்டுகள் வேக்குவத்தில் வேலை செய்கின்றன, எங்கோ ஒரு ரப்பர் கசிந்தால் ஒரு கதவு மட்டும் பூட்டாது. ஏசி பட்டன் பெட்டி மனம் போனபடி ஹீட்டரைப் போடும். பின்பக்கம் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருந்தால் அதன் உருண்டைகள் காய்ந்ததும் மாட்டு வண்டி ஓட்டம். இவை எரிச்சல், ஆபத்து இல்லை.

துரு? உண்டு. கீழே பிளாஸ்டிக் தகடு மூடியிருப்பதால் சில் அழுகுவது வெளியே தெரியாது, ஜாக்கி ஓட்டையில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் எஸ்இசிக்கே உரிய இடம் பின் கண்ணாடியின் கீழ் மூலைகள். ரப்பருக்கு அடியில் தகடு அரித்து, மழைநீர் டிக்கிக்குள் சொட்டும். டிக்கி ஈரம் என்றால் கண்ணாடியையே எடுத்து வேலை பார்க்க வேண்டும். அந்த ஒரு இடம் சுத்தமாக இருந்தால் மீதி உடம்பு 635-ஐவிடப் பல மடங்கு திடம்.

என் கணக்கு

சொந்தக் கையால் வேலை செய்யும் ஆசையும் வெல்டிங் தெரிந்த நண்பனும் இருந்தால் 635. ஓட்டும்போது முகத்தில் சிரிப்பு வருவது அதில்தான். மற்ற இரண்டும் உங்களை உட்கார வைத்துக் கூட்டிப் போகும், இது உங்களை ஓட்டச் சொல்லும். ஜாகுவார்தான் வேண்டும் என்றால் வி12-ஐ விட்டுவிட்டு 1991-க்குப் பிந்தைய 4 லிட்டர் ஆறு சிலிண்டர் பாருங்கள். பானெட்டுக்குள் தரை தெரியும், 1993-க்குப் பிறகு என்றால் பின் பிரேக்கும் எட்டும். பர்மிங்காம் போகும் நாளுக்கு 8 பவுண்டு கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வி12 மேல் காதல் வந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குழாயை மட்டும் மாற்றுங்கள்.

மச்சினனிடம் ஸ்பேனர் பெட்டியும் இல்லை, வெல்டிங்கும் தெரியாது, பொறுமையும் கொஞ்சம்தான். அவனுக்கு நான் சொன்னது 500 எஸ்இசி. வருடத்தில் ஒரு முறை தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டால் போதும் என்ற அளவில் அதன் நோய்கள் முன்கூட்டியே தெரிபவை. ரெயிலின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் எப்போது கெடும் என்று. வேறு இரண்டில் எதுவும் அப்படி முன்னறிவிப்பு தராது.

"அப்ப 560 இல்லையா மாமா?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தான். அறுபத்தொன்பது குதிரை அதிகம் என்பதைத் தவிர அவனிடம் வேறு வாதம் இருக்கவில்லை.

வரும் சனிக்கிழமை வெள்ளி நிற வண்டியைப் பார்க்கப் போகிறோம். நாங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். போனதும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன், வெதுவெதுப்பாக இருந்தால் அந்த முதல் மூன்று நொடி செயின் சத்தத்தையும் நீலப்புகையையும் மறைத்துவிட்டார் என்று அர்த்தம். வானிலை அறிக்கையில் வெள்ளி இரவு முழுக்க மழை. நல்லதாகப் போயிற்று. டிக்கிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் விலையைப் பற்றி வாயைத் திறக்காதே என்று மச்சினனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.